பதினாலு குட்டிக்கு ஒரு ஜீனா?

கேள்வி: ரப்பர் தோட்டத்து ஓரமாக 6 தாய்ப்பன்றிகள் வளர்க்கிறேன். ஈத்துக்கு 8, 9 குட்டிக்கு மேல் போவதில்லை. ஒருவர், ‘ஜீன் டெஸ்ட் செய்த ஆண் பன்றி, இதைச் சேர்த்தால் 14 குட்டி உறுதி’ என்று கூடுதல் விலை சொல்கிறார். வாங்கலாமா சார்?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: அவசரப்படாதீர்கள். “எந்த ஜீன்?” என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

குட்டி எண்ணிக்கை என்றதும் அடிபடும் பெயர் ஈஎஸ்ஆர், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்பதற்கான ஜீன். சீனாவின் மெய்ஷான் ரத்தம் கலந்த பன்றிகளை வைத்து 1996-ல் சொன்னது அது. பிறகு வேறு இனங்களில் பார்த்தபோது சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் ஒன்றும் இல்லை. சரி, உங்கள் ஆள் காட்டும் பன்றியிடம் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தாய் எத்தனை முட்டை விடுகிறது, அதில் எத்தனை கருப்பையில் தங்குகிறது என்பதுதானே கணக்கு? அப்பன் கொடுக்கும் ஜீன் அதன் மகள்கள் ஈனும்போதுதான் தெரியும், உங்கள் 6 பன்றிகளிடம் அல்ல. அதுவும் குட்டி எண்ணிக்கையில் பரம்பரையின் பங்கு சுமார் 10 சதவீதம்தான். மற்றதெல்லாம் தீனி, வெயில், இணை சேர்க்கும் நேரம். பருவத்துக்கு வந்த பன்றியின் முதுகில் கை வைத்து அழுத்துங்கள். அசையாமல் நின்றால் அன்றைக்குச் சேர்த்து, மறுநாள் இன்னொரு முறையும் இணை சேர்த்துவிடுங்கள்.

காசு கொடுக்கத் தகுந்த டெஸ்ட் ஒன்று உண்டு: ஹாலோத்தேன் ஜீன். இந்த ஜீனில் உள்ள கோளாறை 1991-ல் கண்டுபிடித்தார்கள், பியட்ரெய்ன் இனத்தில் அதிகம். அப்பன் வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று ஜீனுக்கு இரண்டு பிரதி; இரண்டும் கெட்ட பன்றியை மத்தியான வெயிலில் டெம்போவில் ஏற்றினால் மூச்சிரைத்து, உடல் விறைத்து வழியிலேயே சாகும். பிழைத்தாலும் கறி வெளிறி, தட்டில் தண்ணீர் விடும். கிறிஸ்துமஸுக்கு வாங்கியவர்கள் ஈஸ்டருக்கு வர மாட்டார்கள். ஒரு பிரதி மட்டும் கெட்டது ஜம்மென்று நடமாடும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட ஆணும் பெண்ணும் சேர்ந்தால் சராசரியாக 4 குட்டியில் ஒன்றுக்குக் கோளாறு வரும்.

கறி அதிகம் வேண்டுமென்றால் ஐஜிஎஃப்2 என்ற வளர்ச்சி ஜீன். இதில் அப்பன் வழி வந்த பிரதிதான் வேலை செய்யும், அதனால் ஆண் பன்றியில் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

அப்புறம், அந்த ஆண் பன்றி படுத்திருக்கும்போது காம்பை எண்ணுங்கள், 14 இருந்தால் நல்லது. அதுவும் மகள்களுக்குப் போகும். அதன் அம்மா கடைசி மூன்று ஈத்தில் எத்தனை போட்டது என்று நோட்டைக் காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.