கோத்தகிரியில் ஒரு வாடகை வீடு

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் இருக்கிறேன். வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். போன மே மாதம் கோத்தகிரியில் நான்கு நாள் தங்கினோம். அன்றிலிருந்து ராத்திரி படுத்தால் அங்கே குடியிருப்பதாக, சாயங்காலம் தேயிலைத் தோட்ட ஓரமாக நடப்பதாக ஒரே நினைப்பு. மகள் நாலாம் வகுப்பு. மனைவிக்கு அரை மனசு. நீங்கள் அங்கே இருந்தவர். போகலாமா?

— ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு வருடம் இருந்தேன். இறங்கி வந்து வெகுநாளாகியும் அந்த வீட்டுக்கு மனசுக்குள் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்கள் பார்த்தது மே மாதம். நவம்பரைப் பார்க்க வேண்டும். கோத்தகிரி நீலகிரி மலையின் கிழக்குப் பக்கம் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை நேராக வந்து இறங்கும். ஒருமுறை பன்னிரண்டு நாள் வெயிலே இல்லை. பீரோவில் இருந்த பெல்ட்டில் பூசணம் பூத்தது. தீக்குச்சியை உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வந்தது. பையனின் யூனிஃபார்மை அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்துப் பள்ளிக்கு அனுப்பினோம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைப் பார்த்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. மழை வலுத்தால் தூங்க மாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்திட்டில் அடித்து அடித்துப் பார்ப்பார்.

அப்புறம், அந்தச் சாயங்கால நடை. இருட்டினால் அங்கே யாரும் நடக்க மாட்டார்கள். காட்டெருமை தேயிலைக்குள் நிற்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. கரடி கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடி ஊருக்குள்ளேயே வரும். ஆறரைக்குக் கதவைச் சாத்தினால் காலையில்தான் திறப்போம். ராத்திரி பத்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் இறங்கியது அம்மாவால். ஒரு ராத்திரி நெஞ்சுவலி. மேட்டுப்பாளையத்துக்கு இறங்க மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல், அதற்கப்புறம் கோவை. மூடுபனியில் டிரைவர் தலையை வெளியே நீட்டி, ரோட்டோர வெள்ளைக்கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அவரை மறுபடி மேலே கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை.

இவ்வளவும் இருக்க, மழை விட்ட காலைகளில் மேகம் எங்கள் வீட்டுக்குக் கீழே கிடக்கும். சமவெளி மொத்தமும் மறைந்து, பால் பொங்கி நிற்பது போல. டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். “அந்த இரண்டு வருடம் நீங்கள் குரலை உயர்த்தியதே இல்லை” என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

உங்களைச் சார்ந்து வயதானவர்கள் யாரும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் போய்ப் பாருங்கள். நிலம், வீடு என்று எதையும் வாங்காதீர்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வாடகை வீடு போதும். ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்த்தால் ஏப்ரல்வரை எல்லா மாதமும் பார்த்துவிடலாம். மனைவியின் அரை மனசு எதற்குத் தயங்குகிறது என்று கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து கேளுங்கள். வீடு பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். காலை வெயில் எந்த அறையில் விழுகிறது, பின்பக்க மண்திட்டு சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அன்புடன்.