கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: மைத்துனர் அமெரிக்காவிலிருந்து பையனுக்கு ஜெல் பிளாஸ்டர் என்ற பொம்மைத் துப்பாக்கியும் எனக்குத் துப்பாக்கி வடிவ லைட்டரும் வாங்கி வருகிறாராம். பிரச்சினை வருமா?
– வாசகர், ஈசூன்

பதில்: வரும். இரண்டையும் அங்கேயே விட்டுவரச் சொல்லுங்கள். கைத்துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டர் இங்கே சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். ஜெல் பிளாஸ்டர் சுடுவது நீரில் ஊறிய மணியைத்தான் என்றாலும், உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்ற வாதம் சாங்கி விமான நிலையத்தில் எடுபடாது. நிஜத் துப்பாக்கி என்றால் பேச்சே வேறு: சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்கிறோம். ஜன்னலுக்கு வலை எப்படிக் கட்டுவது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். வலையில் கவனிக்க வேண்டியது கண்ணியின் அளவு. பூனையின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். அதனால் இரண்டு விரல் நுழையாத கண்ணியாகப் பாருங்கள். கிரில்லின் உள்பக்கம் வைத்து, சாணுக்கு ஒரு கட்டு போடுங்கள், மூலைகளில் இரண்டு. பெரும்பாலும் அறுவது வலையல்ல, பிளாஸ்டிக் கட்டுதான். வெயிலில் காய்ந்து மொரமொரத்து, ஒருநாள் பூனை ஏறும்போது படக்கென்று விட்டுவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கட்டு சற்று விலை கூடுதல், ஆனால் அதையே வாங்குங்கள். துணி காயப்போடும் பக்கத்து ஜன்னலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.