எரிந்த வண்டிக்கு டயர் இருக்காது

அன்புள்ள அண்ணன்,

நான் தெஹிவளையில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக ஞாயிறு பின்னேரங்களில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து சின்ன இராணுவ வாகன மாதிரிகள் செய்துவந்தோம். தை மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் பிரிக்காமல் வைத்திருந்த, ஏர்ஃபிக்ஸ் கம்பனியின் பழைய ஷெர்மன் டாங்கி (இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கி) மாதிரிப் பெட்டியை அவருடைய மனைவி என்னிடம் தந்தார். அவர் நினைவாக அதை எரிந்து, துருப்பிடித்து, புல் முளைத்துக் கிடக்கும் டாங்கியாகச் செய்ய நினைக்கிறேன். ஒத்திகைக்கு ஒரு பழைய டாங்கியைச் செய்துபார்த்தேன், படம் இணைத்திருக்கிறேன். 1/76 அளவை (நிஜ வண்டியின் எழுபத்தாறில் ஒரு பங்கு) இப்போது அதிகம் பேர் செய்வதில்லை, 1/72இல் புதிதாக ஒன்று வாங்கட்டுமா? எந்தப் பச்சை சரி? அடிப்பலகையில் என்ன எழுதலாம்? ‘தமிழன் ஆமி வாகனம் செய்வதா’ என்று மாமா ஏசுகிறார், அவருக்கு என்ன சொல்ல?

(பெயர்களை நான் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

மாமாவுக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள், போதும். பச்சைக்கு மண்டையை உடைக்காதீர்கள். வெயிலில் நின்ற இரண்டு ஷெர்மன்கள் ஒரே பச்சையில் இருந்ததில்லை. கையிலிருக்கும் ஒலிவ் பச்சையில் கொஞ்சம் வெளிர் மஞ்சளைக் கலவுங்கள், இவ்வளவு சின்ன வண்டியில் கடும் நிறம் கரியாகத்தான் தெரியும். அளவு? ஷெர்மன் ஏறக்குறைய 5.84 மீற்றர் நீளம். 1/76இல் அது 77 மில்லிமீற்றர், 1/72இல் 81. நான்கு மில்லிமீற்றருக்காக அந்த மனிதர் வைத்துவிட்டுப் போன பெட்டியைத் தள்ளிவைப்பீர்களா? வெட்கமாக இல்லையா? பெட்டியைத் திறந்ததும் முதலில் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டியைப் பாருங்கள். அந்தக் காலத்து மெல்லிய வினைல் பட்டி, வருடக்கணக்காகத் தொட்டுக்கொண்டு கிடந்தால் பக்கத்திலுள்ள ப்ளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். துரு நன்றாக வந்திருக்கிறது, கைத்திறமை இருக்கிறது. ஆனால் சக்கரங்களைப் பார்த்தீர்களா? ஷெர்மனுக்குப் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு சக்கரங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரப்பர். வண்டி முழுக்கச் செம்மண் நிறத்தில் துருவேற்றிவிட்டு, ரப்பரை மட்டும் புதுச் சப்பாத்து மாதிரிக் கறுப்பாக விட்டிருக்கிறீர்கள். டாங்கி எரிந்தால் ரப்பர் போய்விடும். ஸ்பிரிங் சூட்டில் இளகி, முழு வண்டியும் ஒரு பக்கம் தாழ்ந்து உட்கார்ந்துவிடும். உங்கள் டாங்கி எரியவில்லை தம்பி, எரிந்த மாதிரி நடிக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் இதே பிழையைச் செய்தவன்.

வெள்ளவத்தையில் எங்கள் லேனில் ஒரு அண்ணா இருந்தார். ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். குப்பி விளக்கில் ஸ்குரூ ட்ரைவரைச் சூடாக்கி, பட்டியின் இரண்டு முனையையும் அமர்த்தி ஒட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், நானும் அடக்கிக்கொள்வேன். 1983 ஜூலையில் அவருடைய அப்பாவின் மொரிஸ் மைனரை லேனிலேயே எரித்தார்கள். எனக்குப் பதினொரு வயது. எரிந்த கார் கறுப்பாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். சாம்பல் வெள்ளையாக இருந்தது. பிறகு ஒரு மழை, கடற்காற்று, இரண்டே நாளில் தோடம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. சக்கரம் இருந்த இடத்தில் வெறும் இரும்பு வட்டமும், சுருண்ட கம்பிகளும். அவர்கள் அகதிகளுக்கு விட்ட கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். கார் அங்கேயே கிடந்தது.

அடுத்த வருடம் அண்ணா மட்டும் வேலைக்குத் திரும்பி வந்தார். அவரை அசத்த வேண்டும் என்று நான் ஒரு சின்ன ஜீப்பை மெழுகுதிரியில் காட்டி உருக்கி, மண்ணிறம் பூசி, கொண்டுபோய்க் காட்டினேன். என்ன துணிச்சல் பாருங்கள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எரிஞ்ச வண்டிக்கு டயர் இருக்காது, தம்பி” என்றார். வேறு ஒரு சொல் இல்லை. ஜீப்பை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அதைக் கடற்கரைப் பக்கம் ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் எறிந்தேன்.

அவர் பிறகு கனடா போனார். அங்கேயும் செய்துகொண்டிருந்தார், லொறி, அம்புலன்ஸ், டாங்கி எல்லாம். எல்லாமே ஓடுகிற வண்டிகள். மூடியைத் திறந்துவைத்து ஒரு ஆளை நிற்கவைப்பார். தூசு பூசுவார், துரு பூசமாட்டார். 1944இல் பிரான்ஸின் நோர்மண்டிப் போர்க்களத்து வீதியோரங்களில் ‘தூசு கிளம்பினால் ஷெல் வரும்’ என்ற கருத்தில் எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருந்தார்கள் என்பதை அவர்தான் எனக்கு எழுதினார். ஓடினால்தானே தூசு. நான்கு மாதத்துக்கு முன் டொரொன்டோவில் இறந்துபோனார். உங்கள் கடிதம் மேசையில் கிடந்த காரணம் இதுதான்.

உங்கள் நண்பர் எப்படிச் செய்வார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்பது வருட ஞாயிறுகள்! அவர் எரிந்த வண்டி ஏதாவது செய்தாரா? செய்திருந்தால் சரி, என்னை மன்னியுங்கள், சக்கரத்து ரப்பரைச் சுரண்டிவிட்டு உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள். இல்லையென்றால், மனிதர் செத்துப்போனார் என்பதற்காக அவருடைய டாங்கியை ஏன் கொளுத்துகிறீர்கள்? துக்கம் உங்களுடையது, பெட்டி அவருடையது.

பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தேபோனேன். பலகையை விடுங்கள். ஷெர்மன்காரர்கள் தங்கள் டாங்கியின் பக்கத்தில் பெயர் எழுதிவைப்பது வழக்கம். அவருடைய பெயரை அங்கே எழுதுங்கள், தமிழில். 1/76இல் ஒரு அடி என்பது நான்கு மில்லிமீற்றர், எழுத்து அதற்குமேல் போகக் கூடாது. அவர் பெயரில் ஒரு ‘ஞா’ வேறு இருக்கிறது. ஆக மெல்லிய தூரிகையை எடுத்து, முதலில் ஒரு ப்ளாஸ்டிக் துண்டில் அந்த ஒரு எழுத்தை மட்டும் எழுதிப் பழகுங்கள்.