அம்மாவுக்குச் சோரியாசிஸ். இப்போது 'கட்டியால் எலும்பு மெலியும் நோய்' என்கிறார்கள். தோல் நோயால் வந்ததா? புற்றுநோயா?

நான் டொக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோண்டாவிலில் இருக்கும் என் சின்னம்மாவை மூன்று வருடமாக மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கி, கிளினிக் வாங்குகளில் காத்திருந்து, ரிப்போர்ட் கட்டைக் காவித் திரிந்தவன், அவ்வளவுதான். உங்கள் அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சோரியாசிஸ், இப்போது விலாவிலும் இடுப்பிலும் நோ, ரத்தத்தில் பொஸ்பேற் என்ற தாது உப்புக் குறைவு, உடம்பில் எங்கோ கட்டி இருக்கலாம் என்று டொக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சின்னம்மாவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் எங்கள் காதில் 'பொஸ்பேற்' என்ற சொல் விழவே இரண்டரை வருடம் எடுத்தது.

சோரியாசிஸ் இந்த நோயை உண்டாக்குவதில்லை. இந்தக் கட்டியும் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, மிக அரிதாகத்தான் பொல்லாததாக மாறும். சரி, பிறகு அது என்னதான் செய்கிறது? எவ்.ஜி.எவ். 23 என்ற ஹோர்மோனை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. அந்த ஹோர்மோன் சிறுநீரகத்துக்குப் போய், பொஸ்பேற்றைப் பிடித்து வைக்காதே, சிறுநீரோடு விட்டுவிடு என்கிறது. வைட்டமின் டி உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுவதையும் மறிக்கிறது. எலும்பு இறுகக் கல்சியம் மட்டும் போதாது, பொஸ்பேற்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் சீமெந்து குறைந்த கலவையில் எழுப்பிய தூண் மாதிரி எலும்பு பார்வைக்கு நிற்கும், பாரம் ஏறினால் வெடிக்கும். 1959இல் அன்ட்ரியா பிராடர் என்ற சுவிஸ் மருத்துவர், ஒரு சிறுமியின் விலாவில் இருந்த கட்டியை எடுத்ததும் அவளுடைய எலும்பு நோய் மாறியதைக் கண்டு, கட்டியிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலக்கிறது என்று எழுதினார். அந்த ஏதோ ஒன்று இந்த ஹோர்மோன்தான் என்று தெரியவர 2001 ஆகிவிட்டது.

தோலோடு உண்மையாகவே தொடர்புள்ள வகைகளும் உண்டு. உடம்பெல்லாம் மெத்தென்ற முடிச்சும் பால்கோப்பி நிறப் புள்ளிகளும் வரும் நியூரோபைப்ரோமற்றோசிஸ் உள்ள சிலருக்கும், பிறந்ததிலிருந்தே பட்டை பட்டையாகத் தடித்த மச்சம் ஓடும் சில பிள்ளைகளுக்கும் இதே பொஸ்பேற் இழப்பு வரும். சோரியாசிஸ் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஆனால் சோரியாசிஸ் இந்த நோயை மறைக்கும். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. சோரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டுவாதமும் வரும் என்பதால், சின்னம்மா 'இடுப்பு நோகுது' என்றதும் எல்லோருக்கும் பதில் தயாராக இருந்தது. தோல் வருத்தம் மூட்டுக்கு இறங்கிவிட்டது, முடிந்தது கதை. அவவின் விரல்கள் வீங்கவில்லை, காலையில் மூட்டு இறுகிக் கிடக்கவும் இல்லை, நோ மூட்டில் இல்லாமல் எலும்பில்தான் இருந்தது, கதிரையிலிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டியிருந்தது, வாத்து மாதிரி இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தா. இதையெல்லாம் நாங்கள் கண்ணால் கண்டும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஸ்டீரொயிட் மாத்திரை கொடுத்தார்கள். அதை நிறுத்தியபோது தோல் முன்னையை விட மோசமாக வெடித்தது. இதற்குள் ஒரு மாமா, 'அவ பூசுற கிறீமே வைட்டமின் டி வகை, எலும்பு எப்படி மெலியும்?' என்று விவாதம் செய்தார். கிறீம் அந்த வகைதான், ஆனால் தோலில் பூசும் அளவு எலும்புக்கு ஈடு கொடுக்காது. பொஸ்பேற் வடிந்துகொண்டிருக்கும்போது வைட்டமின் டி மட்டும் கொடுத்தும் பயனில்லை.

பிறகு எலும்பு ஸ்கான். விலாவிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் பன்னிரண்டு இடத்தில் கறுப்புப் புள்ளி. ரிப்போர்ட்டில் 'பரவிய புற்றுநோயா எனப் பார்க்கவும்' என்று ஒரு வரி. அந்த இரவு எங்கள் வீட்டில் குசினி விளக்கு அணையவில்லை. கனடாவிலிருந்து மச்சாள் அழுகிறா, இங்கே நல்லூருக்கு நேர்த்தி வைக்கிறார்கள், சின்னம்மா மட்டும் எனக்கு என்ன நடக்குது என்று ஒருவரும் சொல்லுறீங்கள் இல்லை என்று கோபத்தோடு இருக்கிறா. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ரிப்போர்ட் வந்திருந்தால் கேளுங்கள்: இந்த நோயில் எலும்பு மெல்லிய கீறல்களாக வெடிப்பதால் ஸ்கானில் பல இடத்தில் அப்படிப் புள்ளி விழும், அது புற்றுநோய் பரவியதைப் போலவே தெரியும்.

ஒரு இளம் டொக்டர்தான் பழைய ரிப்போர்ட்டுகளைப் பொறுமையாகப் புரட்டி, எலும்பு பழுதானால் ரத்தத்தில் ஏறும் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதி இரண்டு வருடமாகக் கூடிக்கொண்டே வந்திருப்பதைக் காட்டி, 'பொஸ்பேற் ஒருதரமும் பார்க்கவில்லையா?' என்று கேட்டார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தோம். பொஸ்பேற் 1.4 (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்) வந்தது, பெரியவர்களுக்கு 2.5க்கு மேல் இருக்க வேண்டும். கல்சியம் சரியாக இருந்தது. கல்சியம் சரி என்பதால்தான் அதுவரை எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்! சாதாரண ரத்தப் பரிசோதனைகளில் பொஸ்பேற் பல நேரம் சேர்வதில்லை, கேட்டுத்தான் செய்விக்க வேண்டும். எலும்புத் தேய்வு என்று நினைத்து வருடத்துக்கொரு ஊசி போட நாள் குறித்திருந்தது, அதை அவரே நிறுத்திவைத்தார். பொஸ்பேற் இவ்வளவு குறைந்த நிலையில் அந்த ஊசி கெடுதி செய்யக்கூடும்.

கட்டியைத் தேடுவதுதான் பெரிய பாடு. சாதாரண ஸ்கானில் அகப்படாதவை கலியம் 68 டோட்டாடேற் என்ற மருந்தை ஏற்றி எடுக்கும் பெற் ஸ்கானில் பிடிபடுகின்றன, தலையுச்சி முதல் உள்ளங்கால் வரை எடுக்கச் சொல்லுங்கள். சின்னம்மாவைப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் கூட்டிப்போய் எடுத்தோம். எங்கே இருந்தது தெரியுமா? இடது உள்ளங்காலில். அங்கே சோரியாசிஸ் தடிப்பும் இருந்ததால், உள்ளே இருந்த மொச்சைக்கொட்டை அளவுக் கட்டியைத் தோலின் தடிப்பு என்றே அவ வருடக்கணக்காகக் கல்லில் தேய்த்துக் குளித்திருக்கிறா. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒப்பரேசன் வரை பொஸ்பேற் கரைசலை நாலைந்து வேளை குடிக்க வேண்டும், வயிற்றோட்டம் வரும், கூடவே வைட்டமின் டியின் வேலை செய்யும் வடிவமும் தருவார்கள். அளவு கூடினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும், ஆகவே நீங்களாக அளவை ஏற்றவேண்டாம். கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் கூடவே வெட்டி எடுக்கச் சொல்லுவார்கள், மிச்சம் விட்டால் திரும்ப முளைக்கும். சின்னம்மாவுக்கு ஆறாம் நாள் பொஸ்பேற் 2.7. ஆனால் எலும்பு இறுக மாதங்கள் எடுத்தது, பொல்லு இல்லாமல் சந்நிதி கோயிலுக்குப் போக எட்டு மாதம். கட்டி அகப்படாதவர்களுக்கும் வெட்ட முடியாதவர்களுக்கும் புரோசுமாப் என்ற ஊசி இருக்கிறது, அமெரிக்காவில் 2020இல் இந்த நோய்க்கு அனுமதித்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் அந்தப் பேச்சை விட்டோம்.

அம்மா இடையில் ஜெர்மனியில் அக்காவோடு இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே சோரியாசிஸுக்கு பியூமரிக் அமில மாத்திரை 1994இலிருந்து பாவனையில் உண்டு. அரிதாக அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கிப் பொஸ்பேற்றை வெளியேற்றி எலும்பை மெலிய வைக்கும். கட்டியே இல்லாமல் மருந்தால் வந்ததாகவும் இருக்கலாம். சில வகை இரும்பு ஊசிகளும் பொஸ்பேற்றைக் குறைக்கும். ஸ்கானுக்குக் காசு கட்டுமுன் அம்மா அங்கே குடித்த மருந்துகளின் பெயரையெல்லாம் அக்காவிடம் கேட்டு எழுதி டொக்டரிடம் கொடுங்கள்.

இன்னொன்று, எங்களுக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாதது. சோரியாசிஸ் உள்ளவர்களுக்குக் காயம் பட்ட தோலில் புதிதாகச் செதில் வரும் பழக்கம் உண்டு. சின்னம்மாவின் உள்ளங்கால் தையல் ஆறி ஒரு மாதத்தில், அந்தத் தழும்பின் மேலேயே செதில் வரிசையாக வந்து குந்திவிட்டது. கட்டி திரும்ப வந்துவிட்டது என்று நாங்கள் பயந்தடித்து ஓட, அவ காலைத் தூக்கிக் காட்டி, 'இது என்ர பழைய ஆள்தான் தம்பி, இதை எனக்குத் தெரியும்' என்றா.