கிழமைக்கு மூன்று மணித்தியாலம்

அன்பின் தம்பிக்கு,

சம்பியன்ஸ் லீக் என்கிற ஐரோப்பியக் கழகங்களின் உதைபந்தாட்டத் தொடர் பற்றி நீர் எழுதினதை மகள் போனில் எடுத்துத் தந்தாள். ‘ஞாயிறு ஒரு ஆட்டம், புதன் ஒரு ஆட்டம் என்றால் கால்கள் எப்படி ஓடும், கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு அணியும் களைத்துப்போயிருந்தன’ என்று எழுதியிருந்தீர். வாசித்த உடனே எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். எழுபதுகளில் கழகத்துக்குப் பந்து அடித்தவன். பகலில் துறைமுகத்தில் வேலை, பின்னேரம் பயிற்சி, சனி ஞாயிறு இரண்டு நாளும் மேட்ச். சனிக்கிழமை கால் வீங்கினால் எண்ணெய் தடவிக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இறங்குவோம். களைப்பு என்று வாய் திறந்தால் அடுத்த கிழமை பெயர் இராது. புறக்கோட்டையில் நாட்டாமி விடியத் தொடங்கி இருட்டும்வரை வெங்காய மூட்டை தூக்குகிறான். நாளைக்கும் வருவான்.

இவர்களுக்கு என்ன குறை? கிழமைக்கு இரண்டு ஆட்டம் என்றாலும் மொத்தம் மூன்று மணித்தியால வேலை. சமைக்க ஆள், கால் பிடித்துவிட ஆள், டொக்டர், தனி விமானம். போதாததற்கு ஐந்து பேரை மாற்றலாம். முந்தி இங்கிலாந்தில் நத்தார் அன்றைக்கும் ஆடி, மறுநாளும் ஆடினார்கள். அஸ்டன் வில்லா 1980-81இல் பதினாலே பேரை வைத்து லீக்கை வென்றது. கோடிக்கணக்கில் வாங்குகிறவன் களைக்கலாமா? இதற்கு நீர் பதில் எழுதவேண்டும்.

அன்புடன்,
ஒரு பழைய பின்கள வீரன்
கொட்டாஞ்சேனை

அன்பின் ஐயா,

களைக்கலாம். இன்றைய ஆட்டத்தை முழுதாக ஆடின ஒருவர் மூன்றாம் நாளும் கொஞ்சம் களைப்போடு இருப்பதுதான் இயல்பு. அப்படி இல்லையென்றால் முதல் ஆட்டத்தில் அவர் எங்கேயோ ஒதுங்கி நின்றிருக்கிறார் என்றுதான் நான் நினைப்பேன்.

நீங்கள் சொன்ன பழைய கதைகள் இரண்டும் உண்மை. இங்கிலாந்தில் 1957வரை நத்தார் தினத்தில் முழு அட்டவணையும் நடந்தது, மறுநாளும் ஆட்டம் இருந்தது. வில்லாவின் பதினாலு பேரும் உண்மை. சேற்றுத் தரை, தண்ணீர் ஊறிப் பாரமான தோல் பந்து, மாற்று வீரரே இல்லாத காலம் எல்லாவற்றையும் தாண்டி ஆடினார்கள். அவர்கள் மென்மையானவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர்கள் ஆடின ஆட்டம் வேறு. 1992 வரைக்கும் கோல்காப்பாளர், தன் ஆள் காலால் திருப்பித் தந்த பந்தைக் கையால் எடுக்கலாம். பின்களத்தில் ஆடின உங்களுக்கு அது நன்றாகத் தெரியும்: முன்னணியில் இருக்கிற அணி பந்தைக் காப்பாளருக்குக் கொடுக்கும், அவர் கையில் எடுப்பார், இரண்டு தரம் தட்டுவார், இருபத்திரண்டு பேரும் மூச்சு வாங்குவார்கள். அந்த இடைவெளி விதியோடு போய்விட்டது. இப்போது பந்தை இழந்த அடுத்த செக்கனே முன்வரிசைக்காரர்கள் பாய்ந்து மறிக்கவேண்டும் என்பதுதான் பெரிய அணிகள் எல்லாவற்றினதும் பாடம்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2006-07க்கும் 2012-13க்கும் இடையில் ஒரு வீரர் ஓடுகிற மொத்தத் தூரம் ஏறக்குறைய 2 வீதந்தான் கூடியது. அதிவேகத்தில் ஓடுகிற தூரம் சுமார் 30 வீதமும், முழுப் பாய்ச்சலில் ஓடுகிற தூரம் சுமார் 35 வீதமும் கூடின. தூரக் கணக்கை மட்டும் பார்த்தால் அன்றும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர், இன்றும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். களைப்பு வருவது அந்தக் கிலோமீற்றருக்குள் எத்தனை தரம் முழுமூச்சாகப் பாய்ந்து, எத்தனை தரம் சடாரென்று நின்று திரும்பினார் என்பதில் இருந்து.

நிற்பதுதான் ஓடுவதைவிடப் பொல்லாதது. ஒரு பக்கத்து முன்கள வீரர் முழு வேகத்தில் ஓடும்போது, முன்னுக்கு வீசின கால் தரையைத் தொடச் சற்று முன்பு முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி தன்பாட்டில் முன்னே பறந்துகொண்டிருக்கும். அதைப் பிடித்து மறிக்கிறது பின்தொடைத் தசை. மறிக்கும்போது அது நீண்டுகொண்டே இறுகவேண்டும். சுருங்கி இறுகுவது தசைக்குச் சுலபம், நீளும்போது இறுகுவதுதான் இழைகளைக் கிழிக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிவுகள் விழும். ஆட்டம் முடிந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படி இறங்கவே தொடை வலிக்கிறதே, உங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வலித்ததே, அதுதான் இது.

சாப்பிட்டால் சரியாகிவிடாதா என்றால், முழுதாகச் சரியாகாது. தசைக்குள் கிளைக்கோஜன் என்று ஒரு மாச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. பாய்ந்து ஓடுவதற்கு அதுதான் எரிபொருள். ஒரு ஆட்டம் முடியும்போது பல இழைகளில் அது அடிமட்டத்துக்கு வந்துவிடும். சோறும் பாணும் உருளைக்கிழங்கும் எவ்வளவு கொடுத்தாலும் திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நாள் எடுக்கும். காயப்பட்ட தசை அதை மெதுவாகத்தான் உள்ளே எடுக்கும், அதுதான் காரணம். இதற்கிடையில் நித்திரையும் கெட்டுப்போகும். குளிர்காலத்தில் நாங்கள் கொழும்பில் சாமம் ஒன்றரைக்குக் கண் விழித்துப் பார்க்கிற ஆட்டம் ஐரோப்பாவில் இரவு ஒன்பதுக்குத் தொடங்குகிறது. பதினொன்றுக்கு முடியும். அத்தனை விளக்கு வெளிச்சத்துக்கும் ஆரவாரத்துக்கும் பிறகு உடனே கண் மூட யாராலும் முடியாது. அதற்குள் விமானம் ஏறி ஊர் திரும்பவேண்டும். அந்தத் தனி விமானம் சொகுசுதான், ஆனால் இரவு மூன்று மணிக்கு இறங்குகிற சொகுசு.

இனி உங்கள் கேள்வியின் நடு இடத்துக்கு வருகிறேன். ‘அவர்கள் களைத்த மாதிரியே தெரியவில்லையே, நன்றாகத்தானே ஓடுகிறார்கள்’ என்று பலர் சொல்கிறார்கள். 2010இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்தது. கிரகோரி டூபோன் என்பவரும் கூட்டாளிகளும், சம்பியன்ஸ் லீக்கில் ஆடின ஒரு கழகத்தின் 32 வீரர்களை இரண்டு பருவங்கள் பின்தொடர்ந்தார்கள். இதே டூபோன்தான் பிறகு 2018இல் உலகக் கிண்ணம் வென்ற பிரான்ஸ் அணிக்கு உடற்தகுதிப் பயிற்றுநராக இருந்தவர். கிழமைக்கு ஒரு ஆட்டம் ஆடினபோதும் இரண்டு ஆட்டம் ஆடினபோதும் வீரர்கள் ஓடின தூரத்தில் வித்தியாசம் இல்லை. வேகமாக ஓடின தூரத்திலும் இல்லை. காயத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தால், கிழமைக்கு ஒன்று ஆடியபோது, ஆட்டமும் பயிற்சியுமாக ஆயிரம் மணித்தியாலத்துக்கு 4.1 காயம், இரண்டு ஆடியபோது 25.6. ஆறு மடங்கு.

ஐயா, அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். ஓட்டம் குறையவில்லை, உடம்பு உடைகிறது. இந்த மட்டத்துக்கு வந்தவர்கள் களைப்பைக் காட்டாமல் ஓடப் பழகினவர்கள். அந்தப் பிடிவாதம் இல்லாதவர்கள் பதினாறு பதினேழு வயதிலேயே கழிக்கப்பட்டுவிடுவார்கள். ஆகவே தொலைக்காட்சியில் ஓடுவதைப் பார்த்துக் களைப்பில்லை என்று முடிவு செய்ய முடியாது. போன கட்டுரையில் நான் சொன்ன கடைசி இருபது நிமிடம் அந்தக் களைப்பு வெளியே தெரிந்த அரிதான நேரம்.

ஸ்பெயின் நாட்டுப் பெட்ரியை எடுங்கள். 2020-21 பருவத்தில் அந்தப் பெடியனுக்குப் பதினெட்டு வயது. பார்சலோனாவுக்கு ஆடினார். பருவம் முடிய யூரோ கிண்ணத்தில் ஸ்பெயினுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு நிமிடமும் ஆடினார். அது முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அனுப்பினார்கள், ஓகஸ்ட் 7ஆம் திகதி இறுதியாட்டம்வரை ஆடினார். எல்லாம் சேர்த்து எழுபது ஆட்டத்துக்கு மேலே. அடுத்த பருவம் தொடங்கிச் சில கிழமையில் தொடைத் தசை போனது. ஆறி வந்தார், திரும்பப் போனது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதி அவர் ஆடவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ‘இந்த வருடம் வீட்டில் இரு’ என்று சொல்ல ஒரு பெரியவருக்கும் அதிகாரம் இருக்கவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மன்செஸ்டர் சிட்டியின் ரொட்ரி 2024 செப்டெம்பரில், வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நெருங்கிவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்குள் ஒரு கிழமை ஆகவில்லை, ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் வெளியே போனார். அது களைப்பால்தான் அறுந்தது என்று நான் சொல்லமாட்டேன். முழங்கால் தசைநார் புத்துணர்ச்சியான காலிலும் அறும். ஆனால் அவர் சொன்னதைச் சம்பளத்தைக் காட்டிச் சிரித்தவர்கள் இந்த ஊரிலும் இருந்தார்கள்.

அந்தச் சம்பளத்துக்கும் வருகிறேன். அவர்கள் வாங்குவது அளவுக்கு மீறிய பணம் என்றால் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பணம் அவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல கட்டில், நல்ல டொக்டர் எல்லாம் வாங்கித் தருகிறது. ஐஸ் தண்ணீரில் இறங்கி இருந்தால் வலி குறைகிறது. கிழிந்த இழை பொருந்த எடுக்கிற நாளைக் குறைத்துத் தருகிற மருந்து எந்தக் கழகத்திலும் இல்லை. எழுபத்திரண்டு மணித்தியாலம் கேட்கிற உடம்புக்கு எழுபத்திரண்டு மணித்தியாலம் கொடுக்கத்தான் வேண்டும்.

அதை யார் கொடுக்காமல் விடுகிறார்கள் என்று பாருங்கள். 2024-25இலிருந்து சம்பியன்ஸ் லீக்கின் முதற்கட்டத்தில் ஆறு ஆட்டத்துக்குப் பதிலாக எட்டு. 2025 கோடையில் உலக உதைபந்தாட்டத்தை நடத்துகிற ஃபிஃபா 32 கழகங்களை அமெரிக்காவுக்கு அழைத்துக் கழக உலகக் கிண்ணம் நடத்தியது. அதை வென்ற செல்சி இறுதியாட்டம் ஆடினது ஜூலை 13. பிரீமியர் லீக்கில் அவர்களின் முதல் ஆட்டம் ஓகஸ்ட் 17. நடுவில் 35 நாள், அதற்குள்தான் விடுமுறையும் புதுப் பருவத்துக்கான ஆயத்தமும். 2022 உலகக் கிண்ணத்தில் 64 ஆட்டங்கள், 2026க்கு 104. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒளிபரப்பு உரிமைக் காசு இருக்கிறது. வீரர் சங்கமான ஃபிஃப்புரோவும் ஐரோப்பிய லீக்குகளும் சேர்ந்து 2024 ஒக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் ஃபிஃபாவுக்கு எதிராக முறைப்பாடு கொடுத்தார்கள். தங்களைக் கேளாமல் நாட்காட்டியை நிரப்புகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். துறைமுகத்தில் வேலை செய்த உங்களுக்கு, வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் மேசையில் வேலைக்காரனுக்கு இடம் இல்லாதது என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐந்து மாற்று வீரர்கள் விஷயத்தில் நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2020இல் தற்காலிகமாகக் கொண்டுவந்து 2022இல் நிரந்தரமாக்கின விதி அது. அதைப் பயன்படுத்தி ஒருவருக்கு முழு ஓய்வு கொடுக்கலாம், பல பயிற்றுநர்கள் கொடுப்பதில்லை. தோற்றால் வேலை போகும் என்ற பயத்தில் சிறந்த பதினொருவரையே மறுபடி மறுபடி இறக்குகிறார்கள். அந்தக் குற்றம் ஃபிஃபாவில் இல்லை.

நாட்டாமிமாரைப் பற்றி நீங்கள் எழுதினதுதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. நாலாம் குறுக்குத்தெருவில் லொறிக்கும் கடைக்கும் இடையில் மூட்டையைப் பிடரியில் வைத்து, முதுகு வளைந்து, ‘வழி, வழி’ என்று கத்திக்கொண்டு போகிறவர்களை நானும் பார்க்கிறேன். அவர்கள் நாளைக்கும் வருகிறார்கள் என்பது களைக்கவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவர்களின் முதுகெலும்பை எந்த ஆய்வாளரும் இரண்டு பருவம் பின்தொடரவில்லை. ஐம்பதுக்குப் பிறகு அந்தத் தெருவில் மூட்டை தூக்குகிறவர் எத்தனை பேர் என்று பாருங்கள். ஓய்வு கிடைக்காத ஒருவரைக் காட்டி, ஓய்வு கேட்கிற இன்னொருவரின் வாயை அடைத்தால் லாபம் இரண்டு பேருக்கும் இல்லை. நாட்டாமிக்கும் கிழமையில் ஒரு நாள் கூலியோடு ஓய்வு வேண்டும் என்று நாங்கள் கேட்கவேண்டும். அதைக் கேட்கிற அதே வாயால் ரொட்ரிக்கும் மூன்று நாள் வேண்டும் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

உங்கள் தலைமுறையும் சும்மா தப்பிவிடவில்லை. இங்கிலாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களை ஆராய்ந்தபோது, முழங்கால் மூட்டுத் தேய்வு பொதுவான ஆண்களைவிட அவர்களிடம் மிக அதிகமாக இருந்தது. வலி மறைக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடின கதையைப் பல பழைய வீரர்கள் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். பெயர் விட்டுப்போகும் என்று வாய் திறக்காமல் ஆடினதாக நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் நாட்டு லீக்கில் ஆடுகிறவர்களில் பலர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிக்காரர். மற்றவர்களில் கன பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பின்னேர ஆட்டம் ஒன்றுக்குப் போய் எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு பாருங்கள். கொழும்புப் புழுக்கத்தில் வியர்வை காயாது, வழியும், உடம்பு குளிராது. ஒருவர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழுவார், எதிரணிக்காரரே வந்து அவரின் பாதத்தை நிமிர்த்திப் பின்னே தள்ளிக்கொண்டிருப்பார். பார்வையாளர் பக்கத்தில் இருந்து ‘நடிக்காதே, எழும்பு’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை.

ரொட்ரிக்கும் பெட்ரிக்கும் பேச ஒரு சங்கம் இருக்கிறது. பாடசாலைப் பெடியன்களுக்கு அதுவும் இல்லை. ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் கிண்ணம் கொடுத்து முடிக்கிற நொக்கவுட் தொடர்களில், வெயிலுக்குள் ஒரு பிள்ளை மூன்று நாலு ஆட்டம் ஆடுகிறது. மைதான வாடகை மிச்சம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் நான் கேட்டதில்லை. உங்களைப் போல மைதானத்தில் மரியாதை உள்ள பழைய ஆட்கள் ஏற்பாட்டாளர்களிடம் போய், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களின் தொடர்களையாவது இரண்டு சனிக்கிழமைகளுக்குப் பிரித்து வையுங்கள் என்று சொன்னால் கேட்பார்கள். கூட வரச் சொன்னால் நானும் வருகிறேன்.

அன்புடன்.