கவுன்ட்டரில் போட்ட சத்தமும் பெல்ட் அருகே எழுதாத புகாரும்

கேள்வி: ஜூன் விடுமுறையில் மாமியாரையும் அழைத்துக்கொண்டு திருச்சி போய்த் திரும்பினோம். சிங்கப்பூரில் எடுத்த போக வர டிக்கெட், இந்திய விமான நிறுவனம். இரவு 10.50க்குக் கிளம்ப வேண்டிய விமானம் மறுநாள் காலை 10.20க்குத்தான் கிளம்பியது. இடையில் ஆளுக்கொரு சமோசா, ஒரு தண்ணீர் பாட்டில். என் கணவர் கவுன்ட்டரில் சத்தம் போட்டார், கைப்பேசியில் படம் பிடித்தார். “போலீசைக் கூப்பிடுவோம்” என்றார்கள். சாங்கியில் இறங்கினால் மூன்று பெட்டியில் ஒன்று வரவில்லை. களைப்பில் வீட்டுக்கு வந்துவிட்டு, மறுநாள் இணையத்தில் புகார் கொடுத்தோம். நான்காம் நாள் பெட்டி வந்தது. சக்கரம் ஒன்று உடைந்திருந்தது, ஊறுகாய் ஒழுகியிருந்தது, உள்ளே வைத்த தங்கக் கம்மல் இல்லை. மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையும் அதில்தான் இருந்தது. பெட்டி கைக்கு வந்து 4 நாள் ஆகிறது. எதை, யாரிடம் கேட்கலாம்? இனி நகை, பாஸ்போர்ட் எல்லாம் மடியில் ஒரு பையில்தான் என்கிறார் மாமியார். அவசரமாக இறங்கச் சொன்னால் அந்தப் பையோடு இறங்கலாமா? – ஈசூன் வாசகி

பதில்: மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் விமான நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெட்டி சேதமானால், கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். நீங்கள் மறுநாள் கொடுத்த இணையப் புகார் “பெட்டி வரவில்லை” என்பதற்கானது. சக்கரம் உடைந்ததும் கம்மல் காணாமல் போனதும் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. அவற்றுக்குத் தனிப் புகார் வேண்டும். உள்ளே இருந்த ஒரு பொருள் மட்டும் காணாமல் போனாலும் அதைச் சேதக் கணக்கில் சேர்த்து 7 நாள் கெடுவுக்குள் எழுதிவிடுவதே பாதுகாப்பு. பெட்டி தாமதமாக வந்ததற்குத் தனியாக 21 நாள் உண்டு. அதுவும் பெட்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்துதான்.

மின்னஞ்சலில் விமான எண், தேதி, டிக்கெட் எண், பெட்டியில் ஒட்டிய பட்டையின் 10 இலக்க எண் எல்லாம் இருக்கட்டும். உடைந்த சக்கரத்தை அருகிலிருந்து ஒன்று, பெட்டி முழுவதும் பட்டையோடு தெரிய ஒன்று எனப் படம் சேருங்கள். சேதமான, காணாமல் போன பொருள்களை விலையோடும் வாங்கிய ஆண்டோடும் வரிசைப்படுத்துங்கள். “மிகுந்த மன உளைச்சல்” என்று இரண்டு பத்தி எழுத வேண்டாம். அதற்குப் பணம் கிடைப்பது அரிது. படிப்பவர் தேடுவது எண்களைத்தான்.

உங்கள் பயணத்துக்குப் பொருந்துவது, பன்னாட்டுப் பயணத்தில் விமான நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. சிங்கப்பூரில் 2007 முதலும் இந்தியாவில் 2009 முதலும் நடப்பில் உள்ளது. பெட்டி தொலைந்தாலும் சேதமானாலும் தாமதமானாலும் ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டுப் பண நிதியத்தின் கணக்கு அலகு. மாற்று விகிதத்தைப் பொறுத்து இது ஏறத்தாழ 2,600 சிங்கப்பூர் வெள்ளி வரும். 2024 டிசம்பர் 28க்கு முன் இந்த வரம்பு 1,288ஆக இருந்தது; இணையத்தில் இன்னும் பழைய எண் சுற்றுகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இது உச்சவரம்பு, பரிசுத் தொகை அல்ல. நிரூபிக்கப்பட்ட நஷ்டம்தான் கிடைக்கும், பழைய பொருளுக்குத் தேய்மானமும் கழிப்பார்கள்.

சக்கரத்துக்கு வருவோம். “சக்கரமும் கைப்பிடியும் சாதாரணத் தேய்மானம், பொறுப்பில்லை” என்று பதில் வரலாம். உடன்படிக்கை சுமத்தும் பொறுப்பைக் குறைக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது அதன் 26ஆம் பிரிவு. அதைக் குறிப்பிட்டு ஒரு முறை பதில் எழுதுங்கள். கீறலுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள், முறிந்த சக்கரம் வேறு கதை.

ஊறுகாயை விட்டுவிடுங்கள். பொருளின் தன்மையால் விளைந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. எண்ணெய் மிதக்கும் ஊறுகாயை மூடியில் டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, எவர்சில்வர் டப்பாவில் இறக்கி வைப்பது நம் வேலை. பக்கத்துப் பெட்டிக்காரர் பட்டுப்புடவையில் எண்ணெய் இறங்காமல் இருந்தால் அதுவே லாபம்.

கம்மல்தான் சிக்கல். நகை, பணம், மருந்து, மின்னணுச் சாதனம் ஆகியவற்றைச் சரக்கில் போகும் பெட்டியில் வைக்காதீர்கள் என்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் நிபந்தனையிலும் இருக்கும். நஷ்டத்துக்குப் பயணியின் கவனக்குறைவும் காரணம் என்றால், அந்த அளவுக்குப் பொறுப்பிலிருந்து நிறுவனம் விலகலாம் என்பது 20ஆம் பிரிவு. நகைக்கடை ரசீது இருந்தால் கேட்டுப் பாருங்கள்; முழுத்தொகையை எதிர்பார்க்காதீர்கள். வரம்புக்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பெட்டியில் வைத்தே ஆக வேண்டுமென்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்கும் கட்டணத்தைச் செலுத்த உடன்படிக்கையில் வழி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

மாத்திரைக்கு மருந்தகத்தில் செலவழித்திருந்தால் அது நியாயமான அவசரச் செலவு, ரசீதைச் சேருங்கள். ஆனால் பெட்டி தாமதமானது நீங்கள் வீடு திரும்பும்போது. வீட்டில் மாற்றுடை இருக்கும் என்பதால் துணிமணிச் செலவை ஏற்க மாட்டார்கள். இதுவே திருச்சியில் இறங்கும்போது நடந்திருந்தால் பல்துலக்கி, உள்ளாடை, ஓரிரு மாற்றுடை வரை கேட்கலாம். கல்யாணத்துக்குப் புதுப்பட்டு எடுத்த ரசீதை நீட்டினால் முழுத்தொகை வராது.

சாங்கியில் அன்று தவறிய அரை மணி நேரம்

பெல்ட் நின்றும் பெட்டி வரவில்லையென்றால், சுங்க வழியைத் தாண்டும் முன் அதே கூடத்தில் உள்ள லக்கேஜ் சேவை முகப்புக்குப் போக வேண்டும். சாங்கியில் இதைப் பெரும்பாலும் நடத்துவது விமான நிறுவனம் அல்ல, சாட்ஸ் அல்லது டினாட்டா என்ற தரைச்சேவை நிறுவனங்கள். பட்டை எண்ணையும் பெட்டியின் நிறம், வகை, உள்ளே இருக்கும் அடையாளப் பொருள் ஒன்றையும் சொன்னால் பிஐஆர் என்ற அறிக்கை போட்டு 10 இடக் குறியீடு தருவார்கள்: விமான நிலையத்துக்கு 3 எழுத்து, நிறுவனத்துக்கு எழுத்தோ எண்ணோ 2 இடம், பிறகு 5 எண். உலகெங்கும் பெட்டியைத் தேடும் கணினி அந்தக் குறியீட்டில்தான் ஓடுகிறது. சேதமும் அங்கேயே தெரிந்தால் அங்கேயே எழுத வேண்டும். வாய்மூடிப் பெற்றுக்கொண்ட பெட்டி நல்ல நிலையில்தான் கிடைத்தது என்றே சட்டம் முதலில் கருதும். இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில்.

நீங்கள் அதைச் செய்யவில்லை. அதனால் எல்லாம் போய்விடவில்லை. நிறுவனமே பெட்டியைத் தேடி நான்காம் நாள் கொடுத்திருப்பதால் தாமதம் அவர்கள் பதிவிலேயே இருக்கும். கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிய தாளின் படி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 21 நாளாகியும் வராத பெட்டிதான் தொலைந்ததாகக் கணக்கு.

பதினொன்றரை மணி நேரத்துக்கு என்ன கிடைக்கும்?

விமானம் தாமதமானால் இத்தனை வெள்ளி என்று நிலையான தொகை சொல்லும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. ஐரோப்பாவில் உண்டு, அதைப் படித்துவிட்டுப் பலர் இங்கே கேட்கிறார்கள். உங்கள் விமானம் கிளம்பியது இந்தியாவிலிருந்து, நிறுவனமும் இந்திய நிறுவனம். எனவே இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் விதி பொருந்தும். இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவு, சிற்றுண்டி தர வேண்டும். இரவு 8 முதல் அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடமும் தர வேண்டும். இரண்டும் உங்களுக்குச் சேர வேண்டியவை, நேரத்தோடு செக்-இன் செய்திருந்தால்.

ஆனால் நீங்கள் நாற்காலியிலேயே விடியும்வரை இருந்தீர்கள். உறங்காத இரவுக்கு ரசீது கிடையாது. விடுதி கேட்டு, மறுத்ததை எழுத்தில் வாங்கி, நியாயமான வாடகையில் அறை எடுத்திருந்தால் அந்தத் தொகையைக் கேட்டிருக்கலாம். குடிநுழைவைத் தாண்டிய பிறகு நினைத்தபடி வெளியே வர முடியாது. விமான நிறுவனத்தார் கூட வந்து புறப்பாட்டு முத்திரையை ரத்து செய்ய வேண்டும். ஆகவே தாமதம் தெரிந்தால் குடிநுழைவு வரிசைக்குப் போகும் முன்பே விடுதியைக் கேளுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்களா? மான்ட்ரியல் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவில் அதைக் கேட்கலாம். முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு தேவை. தாமதத்துக்கான வரம்பு 6,303 எஸ்டிஆர். நியாயமாக எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பிக்கலாம். புயலுக்கு அது எளிது. “இயந்திரக் கோளாறு” என்ற இரண்டு சொல் மட்டும் போதாது.

பயணக் காப்புறுதி வாங்கியிருந்தால் அதுதான் சீக்கிரம் பணம் வரும் வழி. பல பாலிசிகளில் தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டியதும் தொகை தொடங்கும். தாமத நேரமும் காரணமும் குறித்த நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். 30 நாள் கெடு வைத்திருப்பதும் வழக்கம், பாலிசியைத் திறந்து பாருங்கள்.

கவுன்ட்டர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம்: உங்கள் கணவரின் கோபம் நியாயம், சத்தம் வீண். அங்கே நிற்பவர் பெரும்பாலும் தரைச்சேவை நிறுவன ஊழியர். விடுதி கொடுக்கும் அதிகாரம் பணிநேர மேலாளரிடம் இருக்கும். அவரை அழைத்து நான்கு கேள்வி கேட்டால் போதும்: காரணம் என்ன, புது நேரம் என்ன, உணவும் தங்குமிடமும் எப்போது, இதை எழுத்தில் தருவீர்களா. படம் பிடிப்பதென்றால் அறிவிப்புப் பலகையைப் பிடியுங்கள், நேரம் தெரியும்படி. ஊழியர் முகத்தைப் பிடித்த காணொளி எந்த விண்ணப்பத்துக்கும் ஆதாரமாகாது. பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவுப் பகுதிகளில் படம் பிடிப்பதே குற்றம் ஆகலாம்.

டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதியில் விமானத்துக்குள் முரட்டுத்தனம் காட்டும் பயணிகளுக்கு மூன்று நிலை: வாய்ச்சண்டைக்கும் மிரட்டும் சைகைக்கும் 3 மாதம்வரை பறக்கத் தடை, கை வைத்தால் 6 மாதம்வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது 2 ஆண்டு. ஆத்திரத்தில் “பெட்டியில் குண்டா வைத்திருக்கிறேன்?” என்று கேட்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் பொய்க் குண்டு மிரட்டலுக்கு 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

3 மணி நேரத் தாமதம் 11 ஆவது எப்படி என்று பலருக்குப் புரிவதில்லை. விமானிகளுக்கும் சிப்பந்திகளுக்கும் பணிநேர வரம்பு உண்டு. பழுது பார்த்து முடிக்கும்போது அந்த நேரம் தீர்ந்துவிட்டால் அவர்கள் சட்டப்படி ஓய்வெடுக்க வேண்டும். நிறுவனத்தின் தலைமையிடம் இல்லாத ஊரில் மாற்றுக் குழு தயாராக இருப்பதில்லை. பணிநேரத்தின் கடைசி அரை மணியைப் பயணிகளே தின்பதும் நடக்கிறது. சண்டை பிடித்து ஏற மறுப்பவர், கடையில் சாக்லேட் பார்த்துக்கொண்டிருந்து வராதவர், இவர்களை விட்டுக் கிளம்புவதென்றால் சரக்கறையில் அவர்கள் பெட்டியைத் தேடி இறக்க வேண்டும். அதற்குள் பணிநேரம் முடிந்தால் விமானத்தில் உள்ள எல்லாருக்கும் இரவு போச்சு.

இன்னொன்று. தேக்கா முகவரிடம் டிக்கெட் எடுத்தீர்களானால், பதிவில் யார் கைப்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முகவருடையதாக இருக்கும். நேரமாற்றக் குறுஞ்செய்தி இரவு 9 மணிக்கு அவர் பூட்டிய கடைக்குப் போகும். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் எண்ணையும் சேருங்கள்.

யாரிடம் போவது? முதலில் நிறுவனம். பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸ், இந்தியப் பக்கம் விமானப் பயணிகளுக்கான அரசுப் புகார்த் தளமான ஏர்சேவா. அதன் பிறகு இங்குள்ள சிறு வழக்குகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. வழக்கறிஞர் கிடையாது. சிங்கப்பூரில் தொடங்கி சிங்கப்பூரிலேயே முடியும் போக வர டிக்கெட் என்பதால் சட்டப்படி உங்கள் சேருமிடம் சிங்கப்பூர், வழக்கை இங்கேயே கொண்டுவரலாம். கெடு 2 ஆண்டு. அதற்குப் பிறகு உரிமையே அற்றுப்போகும்.

மாமியாரின் பை

எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் 521 ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. புகை சூழ்ந்த விமானத்துக்குள் பலர் மேல்தட்டில் பெட்டி தேடிய காணொளியை உலகமே பார்த்தது. 300 பேரும் தப்பினார்கள், தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் பெட்டியை விட்டுவிட்டு வெளியேறினார்கள். பாதி வாசல்களை மட்டும் திறந்து 90 விநாடியில் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்டித்தான் ஒரு விமான வகை சான்றிதழ் பெறுகிறது. அந்தச் சோதனையில் யார் கையிலும் பெட்டி இருப்பதில்லை. கைப்பையின் வார் இருக்கைக் கைப்பிடியில் மாட்டினாலே பின்னால் இருபது பேர் நிற்பார்கள். காற்றடைத்த சறுக்குப் படுகையைக் கூரான ஓரம் கிழிக்கவும் கூடும்.

அதேபோல், தீ தெரிகிறதே என்று, சிப்பந்திகள் சொல்லும் முன் எழுந்து ஓடவும் கூடாது. 2016 ஜூன் 27 அன்று சாங்கிக்குத் திரும்பிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 368இன் இறக்கை எரிந்தது. உள்ளே இருந்த 241 பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். தீயை அணைத்த பிறகு படி வைத்து இறக்கினார்கள், யாருக்கும் காயமில்லை. வெளியே எந்தப் பக்கம் தீ, எந்த வாசல் பாதுகாப்பு என்பது விமானிக்கும் சிப்பந்திகளுக்கும்தான் தெரியும்.

மடியில் பை வைக்கும் யோசனையே உதவாது. விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் அதை முன் இருக்கைக்கு அடியில் தள்ளச் சொல்வார்கள், விமானம் குலுங்கினால் அது பறந்து யார் மேலாவது விழும். கம்மலைக் காதிலேயே போட்டுக்கொள்ளட்டும். பாஸ்போர்ட், ஒரு வாரத்து மாத்திரை, மருந்துச் சீட்டு மூன்றும் கொள்ளும்படி சிறிய துணிப்பை ஒன்று தைத்து, அந்தக் காலச் சுருக்குப்பை மாதிரி இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். கை இரண்டும் காலியாக இருக்கும்.