'நோ' என்று மாற்றியும் சர்வர் பாஸ்வேர்ட் கேட்கிறதே!

கேள்வி: வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வரில் பாஸ்வேர்ட் லாகினை நிறுத்த வேண்டும் சார். தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் செட்டிங்குகள் உள்ள எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் என்று கிரெப் (ஃபைலில் தேடும் கட்டளை) போட்டால் மூன்று வரி வருகிறது. ஒன்றை 'நோ' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தும் பாஸ்வேர்ட் கேட்கிறது. ரெஜெக்ஸ் (எப்படிப்பட்ட எழுத்துகளைத் தேட வேண்டும் என்று குறியீடுகளால் சொல்லும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்) படித்தால் சரியான வரியைப் பிடிக்க முடியுமா?

பதில்: படிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் கிரெப்பின் பெயரிலேயே ரெகுலர் எக்ஸ்பிரஷன் இருக்கிறது. பழைய 'எட்' எடிட்டரில் ஃபைல் முழுக்கத் தேடி அச்சிடச் சொல்லும் கட்டளையிலிருந்து வந்த பெயர் அது.

முதலில் அந்த மூன்று வரிகளை உற்றுப் பாருங்கள். உபுண்டு தரும் ஃபைலில் மூன்றுமே # குறியில் தொடங்கும் கமென்ட் வரிகள்தான், அதிலும் இரண்டு வெறும் விளக்கவுரை. 'யெஸ்'ஸை 'நோ' ஆக்கிவிட்டு முன்னால் உள்ள #-ஐ அப்படியே விட்டிருந்தால் சர்வர் அந்த வரியைப் படிக்கவே படிக்காது. உயிருள்ள வரி மட்டும் வேண்டுமென்றால் இப்படித் தேடுங்கள் (திரையில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்):

^[[:ஸ்பேஸ்:]]*பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்

^ என்றால் வரியின் தொடக்கம். அடுத்த அடைப்பு இடைவெளியையும் டேபையும் குறிக்கும், * வந்தால் அவை எத்தனை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இதற்கு # உள்ள வரி சிக்காது. கூடவே எழுத்தின் பெரிது, சிறிது பாராமல் தேட மைனஸ் ஐ போடுங்கள், ஏனென்றால் இந்த ஃபைலில் செட்டிங் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் செல்லும்.

#-ஐ எடுத்தும் கேட்கிறது என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த ஃபைலின் மேல்பக்கத்திலேயே இன்க்ளூட் என்று ஒரு வரி இருக்கும், அது பக்கத்து ஃபோல்டரில் உள்ள குட்டி ஃபைல்களை எல்லாம் உள்ளே இழுக்கிறது. வாடகை சர்வர்களில், சர்வரை முதல்முறை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் என்ற புரோகிராம் எழுதிய 50 என்ற எண்ணில் தொடங்கும் ஃபைல் ஒன்று அங்கே அடிக்கடி இருக்கும், அதில் 'யெஸ்' என்று இருந்தால் அதுதான் செல்லும். எஸ்எஸ்ஹெச் முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும், நீங்கள் கீழே எழுதியது பின்னால் வருவதால் வீண். அதனால் ஒரு ஃபைலோடு நிற்காமல் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் முழுவதையும் மைனஸ் ஆர் போட்டுத் தேடுங்கள். எந்த ஃபைல் என்பதும் வரியோடு வந்துவிடும்.

அப்புறம் ஐபி முகவரி தேடும்போது புள்ளியில் கவனம் வையுங்கள். ரெஜெக்ஸில் புள்ளி என்றால் ஏதோ ஓர் எழுத்து என்று பொருள். 10.1.1.5 என்று தேடினால் 10.1.115.20 உள்ள வரியும் வந்து நிற்கும், அவசரத்தில் அதைத் திருத்திவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் \ போடுங்கள்.

கிரெப் வரியைத்தான் காட்டும், எது நடைமுறையில் இருக்கிறது என்று சொல்லாது. அதை சர்வரிடமே கேளுங்கள்: சூடோ (அட்மின் உரிமையோடு இயக்கும் கட்டளை) போட்டு எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் பெரிய டி (T). வரும் பட்டியலை கிரெப்புக்கு அனுப்பினால் ஒரே வரியில் பதில். அங்கே 'நோ' என்று பார்த்த பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக லாகின் செய்யும் சாவி ஃபைல்) வைத்து இன்னொரு விண்டோவில் லாகின் ஆகும்வரை இப்போது திறந்திருக்கும் விண்டோவை மூடாதீர்கள்.